ப்ரீஆம்ப் கணினிக்குள் குடிபோன கதை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர் பாட்டுப் பிரியராக இருந்தால், சற்று நேரத்தில் அவர் கண் எதையோ தேட ஆரம்பிக்கும். கூடத்துச் சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவே பலகை மேல் கனத்த ஒரு பவர் ஆம்ப். அதன் முகத்தில் ஒரு சுவிட்சும் ஒரு சிவப்பு விளக்கும்தான். பக்கத்தில் மூடி திறந்தபடி பழைய லேப்டாப். "வால்யூம் எங்கே?" என்பார். லேப்டாப்பைக் காட்டுவேன். "அப்ப ப்ரீஆம்ப்?" அதுவும் லேப்டாப்தான் என்றால், நல்ல செட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு முகம் வாடிவிடும். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்டு இதில் போய்க் கோட்டை விட்டுவிட்டாரே என்ற வருத்தம். எனக்கும் ஒரு காலத்தில் அந்த வருத்தம் இருந்தது. ப்ரீஆம்ப் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ந்தது.

அது பிறந்தது இசைத்தட்டால்.

1948-இல் கொலம்பியா கம்பெனி எல்.பி. இசைத்தட்டைக் கொண்டுவந்தது. நுண்ணிய பள்ளத்தில் ஊசி ஓடி, காந்தமும் சுருளும் சேர்ந்து தருகிற மின்சாரம் சில மில்லிவோல்ட் அளவுதான். ஒரு பென்சில் செல்லின் 1.5 வோல்ட்டை முந்நூறு கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு. பவர் ஆம்பை முழு மூச்சில் பாட வைக்க ஏறக்குறைய ஒரு வோல்ட் வேண்டும். இடையில் ஒருவர் நின்று அந்த மெலிந்த சிக்னலைத் தேற்றி அனுப்பவேண்டும். ப்ரீஆம்ப், அதாவது முன்பெருக்கி, என்ற பெயர் வந்தது இதனால்.

ஆனால் பெருக்குவதைவிடக் கடினமான வேலை ஒன்று இருந்தது. கட்டைச் சுருதி ஒலிகளை உள்ளபடியே தட்டில் வெட்டினால் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக வளைந்தாடும். பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். அதற்கு இடம் விட்டால் தட்டில் பாட்டு நேரம் குறைந்துவிடும். அதனால் வெட்டும்போதே கட்டை ஒலியைக் குறைத்துவிடுவார்கள். உச்ச ஒலிகளில் வேறு சங்கடம்: தட்டின் மேற்பரப்பிலிருந்து எழும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் அவற்றை விழுங்கும். அதனால் உச்ச ஒலியைத் தூக்கி வெட்டுவார்கள். கேட்கிற வீட்டில் இரண்டையும் திருப்பிச் செய்யவேண்டும். குறைத்ததைக் கூட்டி, தூக்கியதை இறக்கி, வளைத்ததை நிமிர்த்தவேண்டும். இந்த வளைவுக்கு எல்லாருக்கும் பொதுவான அளவை அமெரிக்க ரிக்கார்டிங் தொழில் சங்கம் 1954-இல்தான் வகுத்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று இன்றும் சொல்வது அதைத்தான். 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையே அது செய்கிற திருத்தம் கிட்டத்தட்ட 39 டெசிபல். அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம்போல வளைத்தது. கொலம்பியாவுக்கு ஒரு கணக்கு, டெக்காவுக்கு ஒரு கணக்கு. ஒன்றுக்குச் சரியான அமைப்பில் மற்றதைப் போட்டால் பாடகர் மூக்கடைத்தவர் போலக் கேட்பார், இல்லையென்றால் கீச்சிடுவார்.

நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் இருந்த சால் மரான்ட்ஸுக்கு இது பொறுக்கவில்லை. வரைகலைத் தொழில் செய்தவர், கிட்டார் வாசிப்பவர். உலகப் போர் முடிந்த சமயத்தில் தன் மெர்க்குரி காரிலிருந்த ரேடியோவைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து பாட வைக்க முயன்றதிலிருந்து அவருடைய மின்னணுப் பித்து தொடங்கியது. 1950-களின் தொடக்கத்தில், விதவிதமான கம்பெனித் தட்டுகளுக்கு விதவிதமான வளைவுகளைக் குமிழ் திருகித் தேர்ந்தெடுக்கும்படி ஒரு சிறு பெட்டியை வீட்டிலேயே செய்தார். ஆடியோ கன்சோலெட் என்று பெயர். தனக்காகச் செய்ததை மனைவி ஜீன் கொடுத்த ஊக்கத்தில் நூறாக்கினார். ஆர்டர் நானூறைத் தாண்டியது. பிறகு அவர் பெயரிலேயே ஒரு கம்பெனி உருவானது வேறு கதை.

அந்தக் காலத்துப் பவர் ஆம்ப் வால்வுகளோடு கொதிக்கும் இரும்பு மூட்டை. அலமாரிக்குள் ஓரமாக வைத்துவிட்டு, கைபடுகிற குமிழ்களை மட்டும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வசதி. இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் 1953-இல் கொண்டுவந்த க்வாட் செட் அப்படித்தான் இரண்டாக இருந்தது. கையடக்கமான கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரமே ஆம்பிலிருந்து ஒரு கேபிள் வழியாகப் போகும். ப்ரீஆம்ப் தனி வீடு கட்டிக்கொண்ட காலம் அது. ரேடியோவா, தட்டா, டேப்பா என்று தேர்ந்தெடுப்பது, வளைவை நிமிர்த்துவது, தேற்றுவது, கட்டை-உச்சம் திருத்துவது, சத்தம் கூட்டிக் குறைப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

1982 அக்டோபரில் ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தது. சோனியின் முதல் சி.டி. பிளேயர் பின்பக்கத்திலிருந்து வெளியே விட்டது 2 வோல்ட். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க வரும். ஒரு வோல்ட் கிடைத்தால் முழு மூச்சில் பாடுகிற ஆம்புக்கு முன்னால் இரண்டு வோல்ட் வந்து நிற்கிறது. தேற்ற வேண்டியதில்லை. நிமிர்த்த வளைவும் இல்லை. எந்நேரமும் குறைத்துக் குறைத்து அனுப்புவது ஒன்றுதான் மிச்சம். முன்பெருக்கி என்ற பெயரை வைத்துக்கொண்டு அது முன்சுருக்கி ஆகிவிட்டது. ஆர்வலர்கள் சிலர் ப்ரீஆம்பையே எடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டிக்குள் ஒரே ஒரு வால்யூம் கண்ட்ரோலை வைத்து அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதுவும் கரித்தடத்தின் மேல் ஒரு தகடு உராய்கிற சாதனம்தான். சில வருடங்களில் தேய்ந்து, திருகும்போதெல்லாம் கரகரக்கும். இடது தடமும் வலது தடமும் சத்தம் குறைந்த பக்கத்தில் ஒத்துப்போகாது. இரவில் மெதுவாக வைத்துக் கேட்டால் பாடகி நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார்.

அதே பத்தாண்டில் சிங்கப்பூரில், பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் கணினி பழுது பார்க்கும் சிறு கடையாக 1981-இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் வேறொரு வேலையில் இருந்தது. அதன் நிறுவனர் சிம் வோங் ஹூவுக்குக் கணினி வாய் திறந்து பேசவேண்டும் என்ற ஆசை. 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வந்தது. எட்டு பிட், ஒற்றை வாய்க்கால் ஒலி. விளையாட்டுகளில் துப்பாக்கி வெடிப்பதற்குப் போதும். அட்டையின் பின் விளிம்பில், கணினிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால் அகப்படும்படி ஒரு சிறு சக்கரம் இருந்தது. வால்யூம். இரண்டு வருடம் கழித்து 1991-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோவில் மிக்ஸர் என்று ஒரு சில்லைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு சக்கரத்தைத் தடவ வேண்டியதில்லை. ஒரு கட்டளை கொடுத்தால் சில்லே கூட்டும், குறைக்கும்.

என் கணக்கில் கணினி ப்ரீஆம்ப் ஆனது அந்த நாளில்தான். யாரும் அதை அப்படி அழைக்கவில்லை. ஆனால் விண்டோஸ் 95 காலத்துக் கணினியில் கீழ் மூலையிலிருந்த மஞ்சள் ஸ்பீக்கர் படத்தை இரண்டு முறை தட்டியவர்களுக்கு அந்தச் சாளரம் ஞாபகம் இருக்கும். வரிசையாகத் தண்டவாளங்கள்: மொத்த ஒலிக்கு ஒன்று, வேவ் கோப்புக்கு ஒன்று, மிடி, சி.டி., லைன் இன். ஒவ்வொன்றின் தலையிலும் இடவலச் சமன் செய்யும் குட்டித் தண்டவாளம், காலடியில் வாயடைக்கும் கட்டம். கணினியைத் திறந்தால் சி.டி. டிரைவின் முதுகிலிருந்து சவுண்ட் கார்டுக்கு நாலு கம்பி போட்ட மெல்லிய கேபிள் ஒன்று ஓடும். இடது, வலது, நடுவில் இரண்டு எர்த். எந்த வழியாக வரும் இசை என்று தேர்ந்தெடுப்பது, அளவு வைப்பது, இடவலம் சரிசெய்வது என்று மரான்ட்ஸ் பெட்டி செய்த வேலைகளில் பாதிக்கு மேல் அந்தச் சாம்பல் நிறச் சாளரத்தில் இருந்தன. அதை ப்ரீஆம்ப் என்று ஏற்றுக்கொள்ள யாருக்கும் மனம் வராததற்குக் காரணம், அது பாடிய லட்சணம். பாட்டின் இடைவெளியில் மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் சிலந்தி ஓடுவது போல ஒரு சரசரப்பு. ஹார்ட் டிஸ்க் சுழன்றால் ஒரு முனகல். மின்விசிறியும் ஸ்விட்சிங் பவர் சப்ளையும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள், நுண்ணிய சிக்னலைக் குடிவைத்தால் அப்படித்தான் இருக்கும்.

கணினிக்குள் இசை எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை ஒலியாக்கும் பாகத்தை வெளியே கொண்டுபோனதில் விடிவு வந்தது. உண்மையில் கணினி இசையின் தொடக்க காலமே அப்படிப்பட்டதுதான். 1957-இல் பெல் ஆய்வகத்தின் மாக்ஸ் மாத்யூஸ் ஒரு 17 விநாடி இசைத்துணுக்கைக் கணினியில் உருவாக்கியபோது, கணக்குப் போட்ட ஐ.பி.எம். 704 நியூயார்க் மாடிசன் அவென்யூவில் இருந்தது. எண்ணை ஒலியாக்கும் கருவி நியூ ஜெர்சியில் ஆய்வகத்தில் இருந்தது. நடுவில் காந்த நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். 1998-இல் யூ.எஸ்.பி. வழியே ஒலி அனுப்புவதற்குப் பொது விதிமுறை வந்ததும் அந்தப் பயணம் ஒரு மீட்டர் கேபிளாகச் சுருங்கியது. எண்ணை ஒலியாக்கும் கருவி, டி.ஏ.சி. என்று இன்று எல்லாரும் சொல்லும் சிறு பெட்டியாக, கணினிக்கு வெளியே, இரைச்சலுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தது. தொடக்கத்தில் அது கணினி போடும் தாளத்துக்கு ஆடியது. பிறகு சின்சினாட்டிக்காரர் கார்டன் ரான்கின் போன்றவர்கள் தாளம் போடும் பொறுப்பை டி.ஏ.சி.க்கே கொடுத்தார்கள், எனக்கு இப்போது இவ்வளவு வேண்டும் என்று அது கேட்கும், கணினி எடுத்துக் கொடுக்கும். ஒலித்தரத்தைப் பற்றிய குறைகளில் பெரும்பகுதி அதோடு தீர்ந்தது.

ஆனால் குமிழ் பற்றிய சண்டை தீரவில்லை. கணினியில் வால்யூமைக் குறைத்தால் பாட்டு சிதையும் என்ற குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது. அதில் ஒரு காலத்து உண்மை உண்டு. சி.டி.யில் ஒலி என்பது விநாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 படிகளுக்குள் ஒன்று. சத்தத்தை 40 டெசிபல் குறைப்பதென்றால் எல்லா எண்ணையும் நூறால் வகுப்பது. ஒரு நொடியின் ஏதோ ஒரு துளியில் 12,345 என்ற எண் வருகிறது. சற்றுத் தள்ளி 12,310. நூறால் வகுத்தால் 123.45, 123.10. பழைய 16 பிட் அட்டைக்குப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது தெரியாது. இரண்டையும் 123 என்றே வாசிக்கும். வெவ்வேறாக இருந்த இரண்டு ஒலித்துளிகள் ஒன்றாகிவிட்டன. வீணையின் மீட்டு ஓய்ந்து மறைகிற அந்தக் கடைசி இழை இப்படித்தான் முறுமுறுப்பாக அறுந்துபோகும்.

24 பிட் வந்ததும் படிகள் 1,67,77,216 ஆயின. அதே எண்களை முதலில் 256-ஆல் பெருக்கி அகலமான தாளில் எழுதிக்கொள்கிறது கணினி: 31,60,320, 31,51,360. இப்போது நூறால் வகுத்தால் 31,603, 31,514. இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. அதற்கும் மிஞ்சி விழுகிற பின்னத்தை, டிதர் என்று வேண்டுமென்றே மிகச் சன்னமான இரைச்சலைத் தூவி, முறுமுறுப்பாக மாறாமல் பார்த்துக்கொள்ளலாம்; கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிப்ஷிட்ஸும் வாண்டர்கூயும் 1980-களில் அந்தக் கணக்கைத் தெளிவாக்கினார்கள். கரித்தடம் தேய்கிற கவலையும் இல்லை, இடவலம் பிசகுகிற கவலையும் இல்லை. இரண்டு பக்கத்தையும் வகுப்பது ஒரே எண். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்றே என் ப்ரீஆம்பைக் கழற்றினேன்.

கழற்றியதில் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது.

டி.ஏ.சி.யை நேரே ஆம்பில் செருகிவிட்டேன். இரண்டு வோல்ட் விடுகிற பெட்டி, ஒரு வோல்ட்டுக்கே 60 வாட்டையும் கொட்டுகிற ஆம்ப். நடுவில் தடுப்பு என்று இருந்தது திரையில் ஒரு தண்டவாளம் மட்டும். ஒரு நாள் இரவில் கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி எழுந்திருந்தது. வால்யூம் 100-க்குப் போய்விட்டிருந்தது எனக்குத் தெரியாது. விடியற்காலை ஒரு நாகஸ்வரப் பதிவைத் தட்டினேன். நாகஸ்வரம் திறந்த வெளிக்கென்று பிறந்த வாத்தியம். அது 11 அடி அகலக் கூடத்தில் முழு மூச்சில் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுந்து ஓடி சுவிட்சை அணைப்பதற்குள் நாலைந்து விநாடி ஆகியிருக்கும். மறுபடி போட்டபோது வலது பெட்டியில் உச்ச ஒலியே இல்லை. ட்வீட்டரின் சுருள், தலைமுடி போன்ற கம்பி, எரிந்துபோயிருந்தது.

எங்கள் பேட்டையில் நாற்பது வருடமாக ரேடியோவும் ஆம்பும் பார்க்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். ட்வீட்டரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அரக்கு கருகிய வாசம்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல வால்யூம் வெச்சுக்கறது தப்பில்ல. ஆம்புக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வயர்ல வரணும். முழுசையும் விட்டுட்டு ஸ்கிரீன நம்பினா எப்படி?"

"பழைய ப்ரீஆம்பையே மாட்டிடட்டுமாண்ணே?"

"எதுக்கு? ரெண்டு ரெசிஸ்டர் போதும்."

மேசை டிராயரிலிருந்து இரண்டு ஜோடி எடுத்தார். ஒன்று 9.1 கே, ஒன்று 1 கே. ஆர்.சி.ஏ. பிளக்கின் மூடியைக் கழற்றி, அதற்குள் அவற்றை மடக்கி வைத்து ஈயம் வைத்தார். பக்கத்துக்கு இரண்டு நிமிடம். சிக்னல் இனி பத்தில் ஒரு பங்காகத்தான் போகும், 20 டெசிபல் குறைவு. கணினி பைத்தியம் பிடித்து நூறில் நின்றாலும் 2 வோல்ட் 0.2 வோல்ட் ஆகி, அந்த 60 வாட் ஆம்ப் இரண்டரை வாட்டைத் தாண்டாது. நம்ப மாட்டீர்கள், ஒரு வீட்டுக் கூடத்துக்கு அந்த இரண்டரை வாட் தாராளம். அதோடு டி.ஏ.சி.யின் இரைச்சலும் பத்தில் ஒன்றாக அடங்கியது. திரையில் தண்டவாளம் அடியில் கிடக்காமல் மேலே ஏறி நின்றது, பிட்டுகளும் வீணாகவில்லை. இதுவரை நான் படித்த எல்லா விவாதத்துக்கும் அந்த இரண்டு ரெசிஸ்டர் பதிலாக இருந்தது. கணினியை ப்ரீஆம்பாக வைக்க நினைக்கிற எவருக்கும் முதலில் நான் சொல்வது இதைத்தான்: மென்பொருள் எதுவென்று யோசிப்பதற்கு முன் இந்தத் தடுப்பைப் போட்டுவிடுங்கள்.

குமிழ் இப்படி இடம் மாறிய பிறகு, கணினிக்குள் ப்ரீஆம்ப் தன் பழைய பெரிய வேலையை மறுபடி தேடிக்கொண்டது. அந்த 11 அடிக் கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பும்போது, அகலத்தைப் போல இரண்டு மடங்கு அலைநீளமுள்ள ஒலி தன் மேலேயே ஏறி உட்காரும். 11 அடிக்கு அது 50 ஹெர்ட்ஸ் சுமார். டிரம்ஸின் அடித்தட்டும் பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தியும் அங்கேதான் இருக்கின்றன. பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் கூடம் கூடவே முழங்கும். ஒரு மைக்கை நாற்காலியில் வைத்து, அடியிலிருந்து உச்சி வரை ஊளையிட்டு ஏறும் ஒலி ஒன்றைப் போட்டு, ஜான் மல்காஹியின் இலவச மென்பொருளில் அளந்தால் அந்த இடத்தில் ஒரு மேடு திரையில் எழும்பி நிற்கும். கணினி அதே அளவுக்கு ஒரு பள்ளத்தைக் கணக்குப் போட்டு, பாட்டு ஆம்புக்குப் போகும் முன்பே வெட்டிவிடும். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் டோர்கர் எழுதிய ப்ரூட்ஃபிர் என்ற மென்பொருள் பல வருடம் முன்பே இதைச் செய்தது. பின்னால் வந்த கமில்லாடிஎஸ்பியை, 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை வகைக் குட்டிக் கணினியிலேயே ஓட்டலாம். மேட்டைத்தான் வெட்ட முடியும். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிற பள்ளத்தில் எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் அது நிரம்பாது, அதற்கு நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். வெட்டிய பிறகு முதல் முறை கேட்டபோது, நான் மனப்பாடமாக அறிந்த பாட்டுகளில் பேஸ் கிட்டார் வேறு வேறு சுரங்களை வாசிக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வளைத்ததை நிமிர்த்துவது. சால் மரான்ட்ஸ் தட்டுக் கம்பெனிகளின் வளைவுக்குச் செய்ததை, இப்போது வீட்டுச் சுவர்களின் வளைவுக்குச் செய்கிறோம்.

போன மாதம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எட்டு 78 சுழற்சித் தட்டுகளை எடுத்தேன். எல்லாம் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுக்கு முந்தைய காலம். மில்லிவோல்ட்டைக் கணினி நேராக வாங்காது. அதற்கு ஒரு சிறு பெருக்கி இன்றும் வேண்டும், ஆனால் எந்தத் திருத்தமும் செய்யாத வெறும் பெருக்கி. உள்ளே வந்ததை ஆடாசிட்டியில் திறந்தால், சமப்படுத்தும் வளைவுகளில் கொலம்பியா 78, டெக்கா 78 என்று பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. எட்டாவது தட்டில் லேபிள் தேய்ந்து கம்பெனிப் பெயரே தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். முதல் வளைவில், பாடுகிற அம்மாளின் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. இரண்டாவதில் கீச்சிட்டது. நாலாவதில் ஹார்மோனியம் பின்னால் போய் உட்கார, அவர் மூச்சு இழுப்பது கேட்டது.